ஆழமறிந்து சில்லை விடு

"ஆழமறியாமல் காலை விடாதே" என்பது எங்கள் பெரியவர்கள் குளத்தையும் ஆற்றையும் மனதில் வைத்துச் சொன்ன வார்த்தை. பனியும் சேறும் கிரவலும் நிறைந்த இந்தக் கனடா மண்ணில் வாகனம் ஓட்டிப் பிழைக்கும் எங்களுக்கு அதையே சற்று மாற்றி, "ஆழமறியாமல் சில்லை விடாதே" என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களில் பலர் முதல் வாகனம் வாங்கும் யோசனையில் இருப்பீர்கள். அதிலும் வார இறுதியில் புல்வெட்டும் வேலை, வீடு மாற்றிக் கொடுக்கும் வேலை என்று ஏதாவது செய்து நாலு காசு சேர்க்க நினைப்பவர்களுக்குப் பிக்கப் மீது ஒரு கண் இருக்கும். கார் போல ஓடும் பிக்கப் ஒன்று எங்கே போகும், எங்கே போகாது என்று நாங்கள் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இரண்டு குடும்பங்கள். ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டிடத்தில் மேலும் கீழுமாக இருக்கிறோம். இரு வீட்டு ஆண்களுக்கும் ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை. இரும்புத் தகடுகளை அழுத்தி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, வாகனங்களுக்கான உதிரிப்பாகங்கள் செய்வது எங்கள் தொழில். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள் நாங்கள். பொறியியல் படித்தவர்கள் எழுத வேண்டிய விடயம் இது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனாலும் கையால் தொட்டு அறிந்ததைச் சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

இதை எழுதத் தூண்டியவர் எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி. நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உயர்ந்த சில்லுகளோடு மலையேறுகின்ற பெரிய நான்கு சில்லு இழுவைப் பிக்கப்பை விளம்பரத்தில் பார்த்துவிட்டு, 84 மாதக் கடனுக்குக் கையெழுத்து வைக்க ஆயத்தமாக நின்றார். "அண்ணை, பனிக்கு உதுதான் சரியாம். எங்கையும் போகுமாம்" என்றார். எங்கையும் போகும் வாகனம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அதோடு, 84 மாதம் என்பது ஏழு வருடம். முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வரும்வரை அந்தக் கடன் வீட்டுக்குள் இருக்கும். எனவே அந்தத் தம்பிக்கு நாங்கள் சொன்னதையே எல்லோருக்குமாகச் சொல்கிறோம்.

ஏணியும் பிஸ்கற் பெட்டியும்

பிக்கப்புகளில் இரண்டு சாதி உண்டு. முதலாவது, அடியில் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் வைத்து அதன்மேல் ஓட்டுநர் அறையையும் பின்பெட்டியையும் தனித்தனியே தூக்கி வைத்துப் பூட்டியது. எங்கள் ஊர் மாட்டுவண்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டம் வேறு, மேலே வைக்கும் பெட்டி வேறு. பாரம் முழுவதையும் சட்டமே தாங்கும். ஊரில் ஓடிய ரொயோட்டா ஹைலக்ஸ் இந்த வகை. இங்கே ஓடும் பெரிய பிக்கப்புகளும் பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டாவது வகைக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை வளைத்து, ஆயிரக்கணக்கான இடங்களில் புள்ளி புள்ளியாக ஒட்டி, உடல் முழுவதையும் ஒரே கூடாகச் செய்திருப்பார்கள். கார்கள் எல்லாம் இப்படித்தான். பிஸ்கற் பெட்டியின் தகடு மெல்லியது, ஆனால் பெட்டியாக மடித்து மூடிவிட்டால் அதை முறுக்குவது கடினம் அல்லவா? அதே தத்துவம்தான். நாங்கள் இரவிரவாக ஒட்டும் துண்டுகள் தனியே பார்த்தால் கையால் வளைக்கக் கூடியவை. எல்லாம் சேர்ந்த பிறகுதான் அவற்றுக்குப் பலம்.

காருக்குப் பின்னால் பெட்டி வைக்கும் எண்ணம் புதியதல்ல. 1934 இல் அவுஸ்திரேலியாவின் கீலோங் நகரில் போர்ட் நிறுவனத்தின் லூயிஸ் பான்ற் என்ற இளைஞர் அப்படி ஒன்றை வடிவமைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வாகனம் வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி கடிதம் எழுதியதாகவும், அதற்குப் பதிலாகவே அந்த வாகனம் பிறந்ததாகவும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1957 இல் போர்ட் றாஞ்செரோவும், 1959 இல் ஷெவர்லே எல் கமீனோவும் வந்தன. எங்கள் காலத்தில் அந்த இடத்தைப் பிடித்தது ஹொண்டா றிட்ஜ்லைன். 2005 ஆம் ஆண்டு முதன்முதலாக அதைச் செய்தது எங்கள் ஒன்ராறியோவின் அலிஸ்ரன் தொழிற்சாலையில்தான். 2009 இல் அந்த வேலை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போய்விட்டது. 2021 இல் போர்ட் மாவெரிக், ஹியூண்டாய் சான்ரா குரூஸ் என்ற சிறிய பிக்கப்புகளும் இதே வகையில் வந்து சேர்ந்தன.

நாங்கள் 2019 இல் இரு குடும்பங்களுமாகக் காசு சேர்த்து 2008 ஆம் ஆண்டு றிட்ஜ்லைன் ஒன்றைக் கைமாறி வாங்கினோம். கடன் இல்லை. விவசாயியின் மனைவி கேட்டது போலத்தான் எங்கள் தேவையும். சனிக்கிழமை காலை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இறக்கிவிட்டு, அப்படியே புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகவேண்டும். ஐந்து பேர் வசதியாக இருக்கலாம். பின்பெட்டியில் 4 அடி அகலமான பலகைத் தகடு சில்லு மேட்டில் இடிக்காமல் தட்டையாகக் கிடக்கும். பெட்டியின் உள்பக்கம் துருப்பிடிக்காத கலவைப் பொருளால் ஆனது. நான்கு சில்லும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி பொருத்தியிருப்பதால் குழிவிழுந்த வீதியிலும் முதுகு நோகாது. எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு விடியப்புறம் வீடு திரும்புகிறவனுக்கு அது பெரிய வரம்.

நான்கு சில்லும் இழுக்கும், ஆனால் எப்படி?

"நான்கு சில்லு இழுவை" என்று சொன்னவுடன் எல்லாம் ஒன்றென்று நினைக்கக்கூடாது. மலைக்கும் காட்டுக்கும் என்று செய்த வாகனத்தில் இரண்டாவது கியர்ப் பெட்டி ஒன்று இருக்கும். அதிலே தாழ்நிலையைப் போட்டால் வாகனம் ஆமை போல ஊரும், ஆனால் இழுவை பல மடங்காகும். செங்குத்தான ஏற்றத்தில் பதறாமல் ஏறவும், இறக்கத்தில் பிறேக்கை மிதிக்காமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்கவும் அந்தத் தாழ்நிலைதான் உதவுகிறது.

றிட்ஜ்லைனில் அந்தத் தாழ்நிலை கிடையாது. சாதாரண வீதியில் பெரும்பாலும் முன்சில்லுகளே இழுக்கும். சறுக்கும்போதும் வேகமெடுக்கும்போதும் பின்சில்லுகளுக்குச் சக்தியை அனுப்பும். பின்பக்க டிஃபரன்சியலில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிக் கிளச்சுகள் இருக்கின்றன. 2006 முதல் 2014 வரையான மாதிரிகளில் வி.ரி.எம்-4 என்ற பொத்தான் ஒன்றும் உண்டு. கியரை முதலாவதிலோ, இரண்டாவதிலோ, பின்னோக்கியோ வைத்து அதை அழுத்தினால் பின்சில்லுகள் இரண்டும் உச்ச இழுவையோடு சுழலும். மணிக்கு 30 கிலோமீற்றர் அளவைத் தாண்டியதும் அது தானாகவே விட்டுவிடும். அதாவது சிக்கிய இடத்திலிருந்து வெளியே வருவதற்கான உதவி அது. நெடுந்தூரம் சேற்றுக்குள் ஓடுவதற்கு உரியதல்ல. 2017 மாதிரி முதல் அந்தப் பொத்தானுக்குப் பதிலாகப் பனி, சேறு, மணல் என்று தெரிவு செய்யும் முறை வந்தது. அதிலே இழுவையின் 70 வீதம் வரை பின்னுக்குப் போகும். பின்னுக்குப் போனது முழுவதையும் தேவைப்பட்டால் ஒரே சில்லுக்கும் கொடுக்கும்.

இந்தக் கிளச்சுகள் தொடர்ந்து சறுக்கிக்கொண்டிருந்தால் சூடேறும். பழைய மாதிரியில் அந்த விளக்கு மின்னத் தொடங்கினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி, விளக்கு அணையும்வரை ஆறவிட வேண்டும். ஆழமான மணலிலும் சேற்றிலும் மணிக்கணக்காக உழைக்க இதைச் செய்யவில்லை என்பதை அந்த விளக்கே சொல்லுகிறது.

எங்கள் தொழிற்சாலை நிறுத்துமிடத்தில் பனி தள்ளும் வாகனம் எல்லாப் பனியையும் கொண்டுவந்து ஓரத்தில் குவிக்கும். காலையில் வேலை முடிந்து வெளியே வந்தால் சில்லுகள் அரைவாசி புதைந்திருக்கும். அந்த நேரத்தில் முதலாவது கியரில் வைத்துப் பொத்தானை அழுத்தி மெதுவாக மிதித்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பக்கத்தில் முன்சில்லு இழுவைக் கார்கள் சவளுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்.

ஒரு சாண் உயரம்

வாகனத்தின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை முதலில் பார்க்க வேண்டும். றிட்ஜ்லைனில் அது மாதிரிக்கு மாதிரி சற்று மாறினாலும் சுமார் 8 அங்குலம், 20 சென்ரிமீற்றர் அளவு. எங்கள் கணக்கில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. காரோடு ஒப்பிட்டால் அது நல்ல உயரம். கிரவல் வீதியும் வயல்வெளியும் அரையடிப் பனியும் அதற்குப் பிரச்சினையில்லை. ஆனால் வீதியின் நடுவில் ஒரு சாண் கல் நீட்டிக்கொண்டு நின்றால் அது வயிற்றில் இடிக்கும். அங்கே எண்ணெய்த் தட்டும், குழாய்களும், புகைபோக்கியும் இருக்கின்றன.

அடுத்தது கோணம். முன்சில்லு ஏற்றத்தைத் தொடுவதற்கு முன் முன்தாங்கி இடிக்காமல் இருக்க வேண்டும். ஏறிய பின் வயிறு முட்டக்கூடாது. இறங்கும்போது பின்தாங்கி உரசக்கூடாது. றிட்ஜ்லைனில் இந்த மூன்று கோணங்களும் ஏறக்குறைய 20 முதல் 25 பாகைக்குள் அடங்கிவிடும். ஜீப் றாங்ளர் றூபிகொன் போன்ற காட்டு வாகனத்தில் முன்கோணம் மாத்திரம் 40 பாகைக்கு மேல். அதுமட்டுமல்ல, றிட்ஜ்லைனின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 3 மீற்றருக்கு மேல் நீளம் உண்டு. அந்த நீளம் பெருந்தெருவில் ஆடாமல் ஓட உதவும். அதே நீளம் கூரான மேட்டில் வயிற்றை முட்டவைக்கும்.

மூன்றாவது, சில்லுகள் தொங்கும் அளவு. ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக இருக்கும் பாதையில் காட்டு வாகனத்தின் கனத்த அச்சு வெகுதூரம் சரிந்து கொடுக்கும். நான்கு சில்லும் நிலத்தைத் தொட்டபடி இருக்கும். கார் வகையில் அவ்வளவு தூரம் சில்லு இறங்காது. ஒரு சில்லு அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தரத்தில் நிற்கும் சில்லு எதையும் இழுக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கடைசியாக மாற்றுச் சில்லு. 2017 மாதிரிக்குப் பிந்திய வாகனங்களில் இருப்பது சிறிய தற்காலிகச் சில்லு. மெதுவாக ஓடி அடுத்த கராஜுக்குப் போவதற்கு மட்டும் உரியது. அதை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போவது பட்டினியோடு தூரப் பயணம் போவது போல. அத்தோடு இந்த வாகனத்தில் மாற்றுச் சில்லு இருப்பது பின்பெட்டியின் தரைக்குக் கீழே உள்ள பெட்டகத்தில். மேலே மண்ணையும் கல்லையும் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் சில்லு வெடித்தால் முதலில் பாரத்தை இறக்கினால்தான் அதை எடுக்கலாம்.

வன்னிச் சேறு கற்றுத் தந்தது

சேற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வன்னியின் கிறவல் பாதைகள் என்ன நிலையில் இருக்கும் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். உழவு இயந்திரமும், இருசில்லு லான்ட்மாஸ்ரரும் போன இடத்துக்கு வேறு வாகனம் போகாது. அவற்றின் சில்லில் ஆழமான பல் இருந்தது, கியர் தாழ்வாக இருந்தது, வயிறு உயரமாக இருந்தது. மேலே நாங்கள் சொன்ன மூன்றும் அவைதான்.

எங்களில் ஒருவரின் தகப்பனார் வன்னியில் இருபது வருடத்துக்கு மேல் உழவு இயந்திரம் ஓட்டியவர். ஒரு ஒக்ரோபர் மாத வார இறுதியில், ஹாலிபேர்ட்டனுக்கு வடக்கே ஒரு வாவியில் மீன் பிடிப்பதற்கு அவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனோம். பெருந்தெரு முடிந்து கிரவல் வந்தது. கிரவலில் வாகனம் கார் போலவே ஓடியது. அதன்பின் மரம் ஏற்றுவதற்காக வெட்டிய காட்டுப்பாதை. முன்னைய நாள் மழை பெய்திருந்தது. ஓரிடத்தில் இருபது மீற்றர் நீளத்துக்குச் சேற்றுத் தண்ணீர் தேங்கி நின்றது.

"தம்பி, நில்லும். உதுக்குள்ள அப்பிடியே விடாதையும்" என்றார் ஐயா. இறங்கிப் போய் ஒரு தடியை முறித்தெடுத்து, இரண்டு சில்லுத் தடத்திலும் அடிக்கு அடி குத்திப் பார்த்தார். தண்ணீர் கெண்டைக்கால் அளவுகூட இல்லை. அடியில் தடி இறங்காமல் கல் தட்டுப்பட்டது. "அடி கெட்டி. மெதுவா விடும். ஆனால் நடுவிலை மட்டும் நிப்பாட்டக் கூடாது" என்றார். பிள்ளைகளை இறக்கி ஓரமாக நடக்கவிட்டு, இரண்டாவது கியரில் வைத்து, ஒரே சீராக மிதித்தோம். வாகனம் இரண்டு தரம் வழுக்கிவிட்டு அக்கரை ஏறியது.

அதற்கு அப்பால் ஒரு ஏற்றம் வந்தது. மழைத் தண்ணீர் பாய்ந்து நடுவிலே முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. அதற்கு மேலே பாறை ஒன்று படிக்கட்டுப் போல நீட்டிக்கொண்டு நின்றது. ஐயாவின் தடியைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்து அளந்து, அதே தடியை வாகனத்தின் வயிற்றுக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். பாறை நான்கு விரல் உயரம் கூட. எங்களில் இளையவருக்கு ஆசை விடவில்லை. "வேகமா விட்டா ஏறும்" என்றார். ஐயா சிரித்தார். "ஏறும் தம்பி. ஏறி என்னத்தை உடைக்கும் எண்டதுதான் தெரியாது. கையில இருக்கிற போனைப் பாரும்." பார்த்தோம். தொடர்பு ஒரு கோடுகூட இல்லை. இருட்டுவதற்கு நாலு மணித்தியாலம் இருந்தது. வண்டியில் பிள்ளைகள் இரண்டு பேர். கிட்டிய கராஜ் ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு அப்பால்.

வாகனத்தைத் திருப்பி, அகலமான ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, தூண்டிலையும் சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு வாவிக்கு நடந்து போனோம். இரண்டு கிலோமீற்றர் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்த நடைதான் பெரிய சந்தோஷம். மூன்று மீன் கிடைத்தது.

அந்த இடத்தில் தாழ்நிலைக் கியரும், அடித்தகடும், பல்லுள்ள ரயரும் கொண்ட வாகனம் நின்றிருந்தால் மெதுவாக ஏறியிருக்கக்கூடும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள் வரும் அந்த ஏற்றத்துக்காக மீதி 364 நாளும் ஏழு வருடத் தவணை கட்ட வேண்டுமா? எங்களுக்குக் கால் இருக்கிறது, நடந்து போவோம்.

இழுப்பது வேறு, நிற்பது வேறு

காட்டுப்பாதை எல்லோருக்கும் வருவதில்லை. குளிர்காலம் எல்லோருக்கும் வரும். எனவே இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். நான்கு சில்லும் இழுப்பதால் வாகனம் புறப்படுவது இலகுவாகும். நிற்பது இலகுவாகாது. பிறேக் எல்லா வாகனத்திலும் நான்கு சில்லில்தான் இருக்கிறது. பனிக்கட்டியில் வாகனத்தைப் பிடித்து நிறுத்துவது ரயரின் இறப்பர் மட்டுமே. பனி பெய்யும் இரவில் 401 பெருந்தெருவில் வேலைக்குப் போய்வரும்போது பள்ளத்தில் கிடக்கும் வாகனங்களைப் பார்த்திருக்கிறோம். அவற்றில் பெரிய நான்கு சில்லு இழுவை வாகனங்களும் இருந்தன. நன்றாகப் புறப்பட்டதால் வந்த தைரியமே அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின் பக்கத்தில் மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட அடையாளம் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். ஒன்ராறியோவில் 2016 ஆம் ஆண்டு தை மாதம் முதல் குளிர்கால ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு தரவேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் அவர்களாகத் தருவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். நான்கு சில்லு இழுவை வாகனத்துக்கு நான்கு ரயரும் ஒரே அளவாக, ஒரே தேய்வாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று போட்டால் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று உள்ளே உள்ள கிளச்சுகளைத் தின்றுவிடும்.

பாரத்தின் கணக்கு

கைவேலைக்கு வாங்குபவர்களுக்கு இன்னொரு வார்த்தை. றிட்ஜ்லைன் சுமக்கக்கூடியது ஏறக்குறைய 700 கிலோ. சரியான அளவு ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. அந்த 700 கிலோவுக்குள் ஓட்டுநரும் ஏறி இருப்பவர்களும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வளர்ந்த ஐந்து பேர் ஏறினாலே அரைவாசி போய்விடும். தோட்ட வேலைக்கு வாங்கும் ஈரமண் ஒரு கன யார் ஒரு தொன்னுக்கு மேல் நிறை. பெட்டிக்குள் இடம் இருக்கிறதே என்று ஒரேயடியாக நிரப்பக்கூடாது, இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டும். பின்னால் கொளுவி இழுக்கக்கூடியது 5,000 இறாத்தல், அதாவது 2,268 கிலோ. இதற்கு மேல் நாளாந்தம் தேவைப்படும் தொழில் செய்கிறவர்களுக்கு ஏணிச் சட்டம் வைத்த பிக்கப்தான் பொருத்தம். அவர்களைத் தடுக்க நாங்கள் இதை எழுதவில்லை.

கைமாறி வாங்கும்போது முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். இங்கே வீதிக்குப் போடும் உப்பு இரும்பைத் தின்னும். ஏணிச் சட்டம் துருப்பிடித்தாலும் ஆபத்துத்தான். ஆனால் கார் வகையில் உடலே சட்டம் என்பதால், வாசலடியிலும் பின்சில்லு வளைவிலும், அடித்தகட்டிலும் ஓட்டை விழுந்திருந்தால் முதுகெலும்பிலேயே ஓட்டை என்று அர்த்தம். மேலே புதுப் பெயின்ற் பூசியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நாங்கள் சிறிய சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் வாங்கினோம். தகடு வேலை செய்கிறவன் காதுக்கு அந்தச் சத்தம் பொய் சொல்லாது. உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் நம்பிக்கையான கராஜில் தூக்கிப் பார்ப்பதற்குக் காசு கொடுங்கள்.

இதன் 6 சிலிண்டர் எஞ்சினில் ரைமிங் பெல்ற் உண்டு. 160,000 கிலோமீற்றரை அண்டி அதை மாற்றியாக வேண்டும். மாற்றிய பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பின் டிஃபரன்சியலுக்கு நிறுவனம் சொன்ன எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், அதன் பதிவையும் கேளுங்கள். ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினால் பழைய வாகனத் தகவல் பொதி ஒன்றை விற்பவர் தரவேண்டும். முன்னைய சொந்தக்காரர், வாகனத்தின் மேல் கடன் இருக்கிறதா என்ற விபரம் எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரையான மாதிரிகளில் முன்சில்லு மட்டும் இழுக்கும் றிட்ஜ்லைனும் விற்றார்கள். எல்லை கடந்து வந்த வாகனம் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட் மாவெரிக்கிலும் சான்ரா குரூஸிலும்கூட நான்கு சில்லு இழுவை எல்லா வண்டிக்கும் பொதுவானதல்ல. வாகனத்தைக் கூலி வேலைக்குப் பாவிப்பதாக இருந்தால் காப்புறுதிக்காரருக்கு உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால், விபத்து நடந்த அன்று காப்புறுதி இருந்தும் இல்லாத நிலை வரலாம்.

வாகனத்தில் எப்போதும் ஒரு சவள், ஒரு மண்வெட்டி, உறுதியான இழுவைப்பட்டி, போர்வை, தண்ணீர், ஒரு மூட்டை மணல் வைத்திருங்கள். "குளிர்காலப் பராமரிப்பு இல்லை" என்ற அறிவித்தல் போட்ட வீதிக்குள் பனிக்காலத்தில் போகாதீர்கள். யாரும் பனி தள்ள வரமாட்டார்கள், யாரும் உங்களைத் தேடியும் வரமாட்டார்கள். பங்குனி, சித்திரையில் பனி கரையும்போது மேலே காய்ந்தது போலத் தெரியும் மண்வீதி உள்ளே களியாக இருக்கும்.

கையெழுத்து வைக்க நின்ற தம்பி இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கிழமை யோசித்தார். தன்னுடைய பாதை வீடு, தொழிற்சாலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பலசரக்குக் கடை என்று ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தார். அதில் மலை இருக்கவில்லை. இப்போது ஒரு சிறிய காரும், நான்கு நல்ல குளிர்கால ரயரும் வைத்திருக்கிறார். கடன் இல்லை. வீடு மாற்றும் வேலை கிடைக்கும் நாட்களில் எங்கள் பிக்கப்பைக் கொண்டுபோகிறார்.

வாகனம் வாங்கும் முன் உங்கள் பாதையையும் அப்படி எழுதிப் பாருங்கள். தெரியாத பாதையில் இறங்கித் தடியால் குத்திப் பார்ப்பது வெட்கமல்ல. திரும்பி வருவதும் வெட்கமல்ல. எத்தனையோ பாதை கடந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். வந்த இடத்தில் அந்த உயிரையும், சேர்த்த நாலு காசையும் ஒரு வாகனத்தின் விளம்பரத்தை நம்பி இழந்துவிடக் கூடாது.